சின்னப்பா அரசரத்தினம்: ஒரு வரலாற்றாசிரியரின் தாக்கத்தை எங்கே போய்த் தேடுவது?

நூலகப்புறா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வேட்டில் ஓர் அத்தியாயத்துக்கு உதவி வேண்டும். மலேசிய, சிங்கப்பூர் இந்தியர் வரலாற்றை எழுதியவர்களில் ஒருவரை எடுத்துக்கொண்டு அவருடைய கல்விப்புலத் தாக்கத்தை மதிப்பிட வேண்டும். நான் எடுத்தது பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினத்தை. யாழ்ப்பாணத்துக்காரர். லண்டனில் முனைவர் பட்டம் வாங்கி, 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, பிறகு ஆஸ்திரேலியாவின் ஆர்மிடேலில் பேராசிரியராக இருந்து 1998இல் மறைந்தவர்.

கூகுள் ஸ்காலரில் மேற்கோள் எண்ணிக்கையை எடுத்து அட்டவணை போடு, அதுதான் தாக்கம் என்கிறார் என் மேற்பார்வையாளர். எடுத்துப் பார்த்தேன். மேற்கோள் காட்டுகிறவர்கள் இரண்டு கூட்டமாக நிற்கிறார்கள். இந்தியப் பெருங்கடல் வணிகம் எழுதுகிறவர்கள் சோழமண்டலக் கரை வணிகர்களைப் பற்றிய அவருடைய 1986 நூலை எடுக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர், சிறுபான்மை அரசியல் என்று எழுதுகிறவர்கள் ‘இந்தியன்ஸ் இன் மலேசியா அண்ட் சிங்கப்பூர்’ (1970) நூலை எடுக்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு மறு கூட்டம் இருப்பதே தெரியாத மாதிரி இருக்கிறது. இதில் எதை எழுத? மரபுரிமைத் துறைக்காரர்கள் அவரை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

எண்கணக்கன் எழுதியது:

என் பிழைப்பே இந்த அட்டவணைகள்தான், அதனால் முதலில் வருகிறேன். அட்டவணை போடுங்கள். அதோடு அத்தியாயத்தை முடித்துவிடாதீர்கள்.

எச்-இன்டெக்ஸை முன்வைத்தவர் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர், 2005இல். ஒருவருடைய எத்தனை படைப்புகள் குறைந்தது அத்தனை தடவை மேற்கோள் காட்டப்பட்டன என்ற எண்தான் அது. நிறையக் கட்டுரைகள் எழுதும் துறைக்கு அது பொருந்தும். ஒருவர் ஒரே ஒரு நூல் எழுதி, அதை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் அவருடைய எச்-இன்டெக்ஸ் 1தான். வரலாற்றாசிரியர்கள் வாழ்வதோ நூல்களில். வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம் நூல்களுக்கென்று தனி மேற்கோள் குறியீட்டைத் தொடங்கியதே 2011இல்தான். உங்கள் பேராசிரியர் அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டார். தமிழிலோ மலாயிலோ எழுதப்பட்ட நூலில் அவர் பெயர் வந்தால் அது பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் ஏறாது.

எண்ணிக்கையைவிட மேற்கோளின் தன்மையைப் பாருங்கள். “மலாயாவுக்குத் தமிழர் வந்தது பற்றி அறிய அரசரத்தினம் 1970ஐப் பார்க்க” என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்வது ஒரு வகை. அவர் சொன்ன ஒரு வாதத்தை எடுத்துப் பத்துப் பக்கம் மல்லுக்கட்டுவது வேறு வகை. இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு முப்பது நாற்பது மேற்கோள்களையாவது நீங்களே உட்கார்ந்து படித்து வகை பிரியுங்கள். அலுப்பான வேலை, ஆனால் மேற்பார்வையாளர் வாயடைத்துப் போவார்.

பழவேற்காட்டான் எழுதியது:

கடல்வணிகக் கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

அரசரத்தினம் எழுத வந்தபோது நிலவரம் என்ன? ஐரோப்பியக் கம்பெனிகள் வந்தன, ஆசிய வணிகன் ஓரங்கட்டப்பட்டான் என்பதுதான் பாடநூல் கதை. இன்னொரு பக்கம் வான் லூர் போன்ற டச்சு அறிஞர்கள், ஆசியக் கடல்வணிகமே பெரும்பாலும் மூட்டை தூக்கிய சில்லறை வணிகம் என்று எழுதி வைத்திருந்தார்கள். இவர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களுக்குள்ளேயே போனார். முதல் நூல் 1658 முதல் 1687 வரை இலங்கையில் டச்சு அதிகாரம் பற்றியது, 1958இல் வந்தது. அதற்காகப் பழகிய டச்சுக் கையெழுத்தை அப்புறம் சோழமண்டலக் கரைக்குத் திருப்பினார்.

அந்த ஆவணங்களில் என்ன இருக்கும் என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். மலாக்கா டச்சுக்காரர் கையில் இருந்த காலத்தில் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைக் குறித்து வைத்தார்கள். நாகூரிலிருந்தோ பரங்கிப்பேட்டையிலிருந்தோ ஒரு கப்பல் வந்தால் நாகுதா (கப்பல் தலைவர்) பெயர், கிளம்பிய ஊர், ஆட்கள் எத்தனை பேர், சரக்கு என்ன, அடுத்து எங்கே போகிறது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பெயர்களை டச்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். எந்த மரைக்காயர் எந்த மரைக்காயர் என்று பிரிப்பதற்குள் கண் பூத்துவிடும். கம்பெனி இவற்றைச் சேர்த்தது போட்டியாளர்களை வேவு பார்க்க. அதே வரிகளை அரசரத்தினம் அந்தப் போட்டியாளர்களின் வரலாறாகப் படித்தார்.

படித்துச் சொன்னது: 17ஆம் நூற்றாண்டில் நம் கரை வணிகர்கள் நன்றாகவே தாக்குப்பிடித்தார்கள். பழவேற்காட்டில் சின்னண்ண செட்டி போன்றவர்கள் டச்சுக்காரருக்குத் துணி வாங்கிக் கொடுத்தபடியே சொந்தக் கப்பலும் ஓட்டினார்கள். அடி விழுந்தது 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், ஆங்கிலக் கம்பெனியின் கையில் வரியும் படையும் சேர்ந்த பிறகு. நெசவாளர்கள் மீது கம்பெனியின் பிடி எப்படி இறுகியது என்பதை 1980இல் ஒரு தனிக் கட்டுரையாகவே எழுதினார். சந்தையில் தோற்றதும் அரசியல் அதிகாரத்திடம் தோற்றதும் ஒன்றல்ல என்ற இந்த வேறுபாட்டுக்கு, என் கணிப்பில், ஐம்பது அட்டவணை போட்டாலும் ஈடாகாது.

சஞ்சய் சுப்ரமண்யம் 1990இல் தென்னிந்திய வணிகத்தின் அரசியல் பொருளாதாரத்தை எழுதும்போது இவரைத் தாண்டிப் போக முடியவில்லை. சில இடங்களில் ஏற்கிறார், சில இடங்களில் இடிக்கிறார். தாக்கம் என்றால் எனக்கு அதுதான்.

பால்மரத்தடி எழுதியது:

நூலகப்புறா அவர்களுக்கு, நான் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மேலே ஐயா சொன்ன டச்சுக் கதை எனக்குத் தூரம். 1970 நூல் பக்கத்து வீடு.

அந்த நூல் வந்த நேரத்தைக் கவனியுங்கள். 1969 மே 13 கோலாலம்பூர் இனக்கலவரம். அதே ஆண்டில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டியவர்கள், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த ஒரே காரணத்தால், பல்லாயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அந்தச் சமயத்தில் 1969, 1970 என்ற இரண்டே ஆண்டில் மூன்று நூல்கள் வந்தன. கெர்னியல் சிங் சந்து புவியியலாளர், 1786 முதல் 1957 வரை ஆட்கள் வந்து குடியேறிய கணக்கைப் படங்களோடு கொடுத்தார். ரவீந்திர ஜெயின் மானிடவியலாளர், ஒரு தோட்டத்தில் தங்கி அதன் உள்வாழ்க்கையை எழுதினார். அரசரத்தினம் வரலாற்றாசிரியர். தொழிலாளர், வணிகர், படித்த வர்க்கம், தொழிற்சங்கம், கட்சி, பள்ளி, கோயில் என்று ஒரு சமூகத்தை முழுதாகப் பிடிக்கப் பார்த்தார். லண்டனிலுள்ள இன உறவுகள் ஆய்வுக் கழகத்துக்காக எழுதப்பட்டது அது. அதனால்தான் பழைய வரலாறு சுருக்கமாகவும், “இனி இவர்கள் இந்த நாட்டில் எப்படி வாழப்போகிறார்கள்” என்ற கேள்வி அழுத்தமாகவும் இருக்கிறது. 1979இல் திருத்திய பதிப்பு வந்தது. இடையில் மலாய்க்காரருக்கு முன்னுரிமை தந்த புதிய பொருளாதாரக் கொள்கை வந்துவிட்டதல்லவா.

எங்கள் காலத்தில் தமிழாசிரியர்கள் பேச்சுக்குக் குறிப்பெடுக்க வேண்டுமென்றால் சந்துவிடம் எண்களை எடுப்பார்கள், அரசரத்தினத்திடம் கதையை எடுப்பார்கள். மேடையில் யார் பெயரையும் சொல்ல மாட்டார்கள். 1910இல் ஒப்பந்தக் கூலி முறை நின்றது, கங்காணியே ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வரும் கங்காணி முறை 1938 வரை ஓடியது, 1920களின் கடைசியில் நாள் சம்பளம் ஆணுக்கு 50 காசு பெண்ணுக்கு 40 காசு, 1941இல் கிள்ளானில் வேலைநிறுத்தத்தை அடக்கப் பட்டாளம் வந்தது. தோட்டத்தில் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளைக்கும் இவை ஏதோ ஒரு வழியில் வந்து சேர்ந்தன. இதை எந்த ஸ்காலரில் எண்ணுவீர்கள்?

கேள்விக்குறி எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் அந்த 1970 நூலில் தோட்டத் தொழிலாளி வாய் திறக்கிறாரா? சங்கத் தலைவர் பேசுகிறார், கட்சி பேசுகிறது, தொழிலாளர் நலனைக் கவனிக்க மலாயாவில் இருந்த இந்திய அரசின் ஏஜென்ட் எழுதிய ஆண்டறிக்கை பேசுகிறது. பால் வெட்டியவள் எங்கே? 40 காசு என்று எழுதிவிட்டால் அவள் வரலாறு ஆகிவிடுமா?

2021இல் அருணிமா தத்தா எழுதிய நூலைப் பாருங்கள். மலாயாத் தோட்டங்களில் வேலை செய்த இந்தியப் பெண்களை மட்டும் வைத்து ஒரு சமூக வரலாறு. “மனைவியைக் கடத்தினான்” என்று வந்த வழக்குகளை எடுத்து, அந்தப் பெண்களுக்குச் சொந்த முடிவு ஏதாவது இருந்ததா என்று தோண்டுகிறார். அதே காலனிய ஆவணங்கள்தான், படித்த விதம் வேறு. அரசரத்தினம் தலைமுறை இதைச் செய்யவில்லை. மரியாதை இருக்கட்டும், காலாவதியும் இருக்கட்டும்.

பால்மரத்தடி எழுதியது:

காலாவதி என்பது பெரிய வார்த்தை. ஆனால் குறை சொன்னது சரியான இடத்தில்தான்.

தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் புத்தகம் பார்த்திருக்கிறீர்களா? விடியற்காலைப் பெரட்டில் ஆள் எண்ணி, அப்புறம் கிராணி (தோட்ட எழுத்தர்) அதை ஏற்றுவார். இடது ஓரத்தில் வரிசை எண், அடுத்து பெயர், அதற்கப்புறம் மாதத்தின் நாள்களுக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள். வந்தால் ஒரு கோடு, அரை நாள் என்றால் வேறு குறி, வராவிட்டால் வெற்றுக் கட்டம். கடைசியில் கடைக்கடனும் முன்பணமும் கழித்த தொகை. ஒரே பக்கத்தில் நாலு முனியம்மா இருப்பார்கள், எண்ணை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். தொடர்ந்து வெற்றுக் கட்டங்கள் வந்தால் பிள்ளைப்பேறாக இருக்கலாம், காய்ச்சலாக இருக்கலாம், ஓடிப்போயிருக்கலாம். புத்தகம் சொல்லாது. தோட்டம் கைமாறும்போது இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் தொலைந்துபோயின. ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தார்கள், செம்பனையை அழித்து வீடமைப்புத் திட்டம் வந்தது. அலுவலகத்தை இடிக்கிறவன் காகிதத்தை எடுத்து வைப்பானா?

அரசரத்தினம் எழுதிய காலத்தில் அந்தப் பெண்களில் பலர் உயிரோடு இருந்தார்கள், இந்தப் புத்தகங்களும் இருந்தன. போய்க் கேட்கவில்லை என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் வாய்மொழி வரலாறு என்பதே அன்று பல்கலைக்கழகங்களில் இரண்டாம்தரச் சமாசாரமாகப் பார்க்கப்பட்டது. அவருக்குக் கிடைத்த பயிற்சியோ ஆவணக் காப்பகப் பயிற்சி.

நல்லூர்வாசி எழுதியது:

யாரும் தொடாத ஒரு விசயத்தைச் சொல்லுறன், கோவிக்க வேண்டாம்.

மலாயாத் தோட்டங்களில் கிராணியாகவும் ரயில்வேயில் எழுதுவினைஞராகவும் கன யாழ்ப்பாணத்தார் இருந்தவை. தோட்டத் தொழிலாளிக்கு மேலே துரை, துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் எங்கட ஆக்கள். அந்தச் சமூகத்தில் இருந்து வந்த ஒரு படித்த மனிதர் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளரின் வரலாற்றை எழுதுகிறார். அந்தத் தூரம் நூலில் தெரியத்தானே செய்யும்? அதே தூரம் சில இடங்களில் உதவியும் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறன். “மலேசிய இந்தியர்” என்ற ஒற்றைப் பேருக்குள் தமிழர், மலையாளி, தெலுங்கர், சீக்கியர், செட்டியார், தமிழ் முஸ்லிம், இலங்கைத் தமிழர் என்று எத்தனை அடுக்கு, ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒட்டாமல் இருக்கின்றன என்பதை அவர் பூசி மெழுகவில்லை. உள்ளே இருந்து எழுதியிருந்தால் “நாமெல்லாம் ஒன்று” என்று எழுதச் சொல்லி நாலு பக்கத்தாலும் நெருக்கியிருப்பினம்.

இன்னொன்று: இலங்கையிலும் அவருடைய தாக்கம் இருக்கிறது, அதையும் சேருங்கோ. டச்சுப் பாதிரியார் வலன்டைன் இலங்கையைப் பற்றி எழுதிய பகுதியை அவர் ஆங்கிலத்தில் பதிப்பித்து 1978இல் ஹக்லுய்ட் சங்கம் வெளியிட்டது. 1982இல் செல்வநாயகம் நினைவுப் பேருரையில் வட இலங்கைத் தமிழரின் பொருளாதார அடித்தளம் பற்றிப் பேசினார். அடுத்த வருசம், 1983 யூலைக் கலவரத்தில், என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அந்த உரையைப் படிக்கிற ஆள் வேற மாதிரித்தான் படிப்பார்.

பழவேற்காட்டான் எழுதியது:

நல்லூர்வாசி சொன்னதும் பொறி தட்டுகிறது. நூலகப்புறா சொன்ன இரண்டு கூட்டத்தையும் இணைக்கும் பாலம் அவருடைய 1987 கட்டுரை. 1650 முதல் 1800 வரை தென்கிழக்காசியாவில் சூலியா முஸ்லிம் வணிகர்கள், அதாவது நம் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள், பற்றியது. கெடா, பேராக், அச்சே அரசவைகளில் இவர்கள் வெறும் வியாபாரிகளாக மட்டும் இருக்கவில்லை. சுல்தானின் சொந்த வணிகத்தைக் கவனிக்கும் சவுதாகர் ராஜா என்ற பதவியில் அமர்ந்தார்கள். ஆங்கிலக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் கொடி ஏற்றியபோது எதிர்க்கரைக் கெடாவில் தமிழ் முஸ்லிம்கள் ஏற்கெனவே ஊன்றியிருந்தார்கள். பினாங்குக்கு அவர்கள் தாண்டி வந்தது ஒரு வாய்க்கால் தூரம்.

சந்து தன் கதையை 1786இல் தொடங்கினார். அரசரத்தினத்தின் இந்தக் கட்டுரை அந்தத் தொடக்க ஆண்டையே ஆட்டிவிட்டது.

பினாங்குக்காரி எழுதியது:

ஆ, இந்தக் கட்டுரைதான்! மரபுரிமை பற்றிக் கேட்டீர்களே, இதோ வருகிறேன்.

2008இல் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. அதற்கப்புறம் எங்கள் ஊரில் ஒவ்வொரு சமூகத்துக்கும் தன் வயதை நிரூபிக்கும் அவசரம் வந்துவிட்டது. கப்பித்தான் கெளிங் பள்ளிவாசல் 1801, நிறுவியவர் காதர் மொகைதீன். சூலியா தெருவில் நாகூர் தர்கா. மலாக்காவில் செட்டி சமூகத்தின் பொய்யாத விநாயகர் கோயில் 1781. இந்த இடங்களுக்கு விளக்கம் எழுதும்போது “பிரிட்டிஷாருக்கு முன்பே இங்கே இருந்தோம்” என்ற வரி வேண்டும். அந்த வரிக்குப் பின்னால் யார் உழைப்பு இருக்கிறது? அரசரத்தினம் போன்ற சிலருடையது. சிங்கப்பூரில் 2015இல் இந்திய மரபுடைமை நிலையம் திறந்தார்கள். அங்கேயும் கதை தொடங்குவது கூலிக் கப்பலில் இல்லை, பழைய கடல்வணிகத்தில். அருங்காட்சியகப் பலகையில் அடிக்குறிப்பு கிடையாது, எனவே உங்கள் மேற்பார்வையாளரின் அட்டவணையில் இது பூஜ்யம்.

இதுவரை நல்ல கதை. இனி எனக்குப் பிடிக்காத பாதி. இந்த ஆய்வை எங்கள் சமூகத்தில் பலர் ஒரு காரியத்துக்குத்தான் பயன்படுத்துகிறார்கள்: “நாங்கள் வணிகர் வம்சம், தோட்டத்துக் கூலி வம்சம் இல்லை.” விழா மலர்களில் படித்துப் படித்துச் சலித்துவிட்டேன். முதல் பக்கத்தில் ராஜேந்திர சோழன், இரண்டாம் பக்கத்தில் கப்பல், மூன்றாம் பக்கத்தில் இன்றைய மண்டபத்துக்கு நன்கொடை கொடுத்தவர்கள். நடுவில் லட்சக்கணக்கில் வந்த தோட்டத் தொழிலாளர்கள் காணாமல் போய்விடுவார்கள். கேள்விக்குறி அரசரத்தினத்திடம் பெண்கள் எங்கே என்று கேட்டார். அவரைப் பயன்படுத்துகிறவர்களிடம் தொழிலாளிகளே எங்கே என்று நான் கேட்கிறேன். அவர் இரண்டையும் எழுதினார். எடுத்துக்கொண்டது ஒன்றை மட்டும்.

மரபுரிமைப் பாதுகாப்பிலும் இதே சாய்வுதான். 2013இல் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டியை (பழங்காலக் கோயில் எச்சத்தை) நில மேம்பாட்டாளர் இடித்தது தெரிந்ததும் நாடே அதிர்ந்தது, சரியான அதிர்ச்சிதான். ஆனால் தோட்டம் விற்கப்படும்போது முனீஸ்வரன் கோயில் போகிறது, தொழிலாளர் குடியிருந்த லயன் வீடு போகிறது, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை போகிறது. கோயில் நிலத்துக்குப் பத்திரம் கிடையாது, ஏனென்றால் என்றோ ஒரு துரை வாய்வார்த்தையாகக் கொடுத்த இடம். 2007 நவம்பர் 25 கோலாலம்பூர் இண்ட்ராஃப் (இந்து உரிமை இயக்கம்) ஊர்வலத்துக்கு முன்னால் இப்படிப் போன கோயில்களின் கோபம் எவ்வளவு இருந்தது என்று அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். கல்லில் கட்டியது மரபு, பலகையில் கட்டியது குப்பை என்றால் எப்படி?

கேள்விக்குறி எழுதியது:

பினாங்குக்காரிக்கு நூறு விருப்பக்குறி. ஆனால் ஒன்று: தன் ஆய்வு இப்படித் திரியும் என்று அந்த வரலாற்றாசிரியருக்குப் பொறுப்பு இல்லையா? அல்லது செத்தவர் மேல் பழி வேண்டாம் என்று விட்டுவிடுவதா?

பினாங்குக்காரி எழுதியது:

1987இல் வந்த, பிரதி கிடைக்கவே சிரமப்பட வேண்டிய ஒரு ஆய்விதழ்க் கட்டுரை. அவர் என்ன வாட்ஸ்அப் குழுவா நடத்தினார்? சுல்தான்கள் மாறியதும் சவுதாகர்கள் வீழ்ந்ததும், டச்சுக்காரரும் சுலவேசித் தீவின் கடலோடிகளான பூகிஸ்காரரும் நெருக்கியதும் எல்லாம் அவர் எழுதியவற்றிலேயே இருக்கிறது. படித்தவர்கள் அதை உதிர்த்துவிட்டு ராஜாவை மட்டும் வைத்துக்கொண்டால் அது படித்தவர் குற்றம்.

எண்கணக்கன் எழுதியது:

இப்போது நூலகப்புறாவுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பிரிட்டனில் ரெஃப் என்ற பெயரில் பல்கலைக்கழக ஆய்வுகளை மதிப்பிடுகிறார்கள். 2014இல் முதல்முறையாக “கல்விப்புலத்துக்கு வெளியே என்ன மாறியது” என்பதற்கென்று 20 விழுக்காடு ஒதுக்கினார்கள். 2021இல் அது 25 ஆனது. எண்ணிக்கை கேட்பதில்லை, சான்றோடு ஒரு கதை கேட்கிறார்கள். இந்த ஆய்வு, இந்த வழியாகப் போய், இங்கே இன்னதை மாற்றியது என்று காட்ட வேண்டும். அதிலும் ஜோடிப்பு உண்டு, அது வேறு கதை. ஆனால் முறை உங்களுக்குப் பயன்படும்.

முழு மனிதரையும் அளக்கப் போகாதீர்கள். ஒரே ஒரு கூற்றை எடுங்கள். டச்சு ஆவணத்தில் அது என்னவாக இருந்தது, அரசரத்தினம் கையில் என்ன வடிவம் எடுத்தது, அடுத்த ஆய்வாளர் அதை எப்படித் திருத்தினார், பாடநூலுக்குப் போனபோது எந்தத் தயக்கம் உதிர்ந்தது, பலகையில் எத்தனை சொல் மிஞ்சியது, விழா மலரில் என்னவாக ஊதிப்போனது. ஒவ்வொரு படியிலும் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். “சூலியாக்கள் 1786க்கு முன்பே கெடாவில்” என்ற கூற்று இதற்கென்றே செய்தது போல இருக்கிறது.

நூலகப்புறா எழுதியது:

இதைத்தான் செய்யப் போகிறேன். அட்டவணையைப் பின்னிணைப்புக்குத் தள்ளிவிட்டேன். ஒரு சந்தேகம்: ஒப்பிடுவதற்கு இன்னொரு புலம்பெயர் வரலாற்றாசிரியரை வைத்துக்கொள்ளலாமா? சுனில் அம்ரித்? வங்காள விரிகுடா பற்றிய அவருடைய 2013 நூலை வகுப்பில் எல்லோரும் படிக்கிறார்கள்.

பழவேற்காட்டான் எழுதியது:

அம்ரித் பொருத்தம்தான், ஆனால் ஒப்பீடாக வைக்காதீர்கள், வாரிசாக வையுங்கள். 1840 முதல் 1940 வரை இரு திசையிலுமாக ஏறத்தாழ 2.8 கோடிப் பேர் வங்காள விரிகுடாவைக் கடந்தார்கள் என்று கடலையே மையமாக வைத்து அவர் எழுதினார். வணிகரும் கூலியும் பருவக்காற்றும் ஒரே நூலில். உங்கள் இரண்டு கூட்டமும் ஒரே பக்கத்தில் சந்திக்க நேர்ந்தது அப்படிப்பட்ட நூல்களில்தான்.

நல்லூர்வாசி எழுதியது:

ஒப்பீடு வேண்டுமெண்டால் பிஜியின் பிரிஜ் லாலை எடுங்கோ. ஒப்பந்தக் கூலியின் பேரன், அதே கூலிகளின் வரலாற்றை எழுதினவர். வட இந்தியாவில் இருந்து பிஜிக்குப் போன 45,000க்கு மேற்பட்ட ஆக்களின் குடியகல்வுச் சீட்டுகளைக் கணினியில் ஏற்றி, யார், எந்த மாவட்டம், என்ன சாதி, தனியாகவா குடும்பமாகவா என்று பிரித்து 1983இல் நூலாக்கினார். கடத்திக்கொண்டு போன அப்பாவிகள் என்ற பொதுக்கதை அந்த எண்களுக்கு முன்னால் நிற்கவில்லை. ஏற்கெனவே ஊர்விட்டு ஊர் வேலை தேடிப் பழகின ஆக்களும் அதில் கன பேர்.

பிறகு நாட்டின் அரசியலமைப்பைத் திருத்தும் ஆணைக்குழுவிலும் இருந்தார். 2009இல் இராணுவ ஆட்சியை விமர்சித்ததற்காக நாட்டை விட்டு வெளியேற்றினார்கள். 2021 கடைசியில் ஆஸ்திரேலியாவில் காலமானார், தடை அப்போதும் நீங்கவில்லை. அரசரத்தினம் இப்படி அரசியலில் இறங்கின ஆள் இல்லை. ஆய்வறைக்குள் இருந்தவர். தாக்கம் எண்டு எதைச் சொல்லுறது என்ற கேள்விக்கு இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் வைச்சால் உங்கட அத்தியாயம் தானாக நடக்கும்.

கேள்விக்குறி எழுதியது:

நாடுகடத்தல் ஒரு ஆய்வுத் தாக்கமா? ஆட்சியாளருக்குக் கோபம் வந்தது ஆய்வாலா பேட்டியாலா? பேட்டியால். கலக்காதீர்கள். அப்படிப் பார்த்தால் சத்தமாகப் பேசுகிற வரலாற்றாசிரியர்தான் பெரியவர் என்று ஆகிவிடும்.

நல்லூர்வாசி எழுதியது:

அவருடைய பேட்டியை ஏன் ஆக்கள் கேட்டவை? அந்த நூலை எழுதினவர் என்றபடியால். இரண்டையும் அப்படி வெட்டிப் பிரிக்க ஏலாது.

எண்கணக்கன் எழுதியது:

இதை இன்னொரு இழையில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நூலகப்புறாவுக்குக் கெடு நெருங்குகிறது.

நூலகப்புறா எழுதியது:

நன்றி. கடைசியாக ஒன்று. ஆய்விதழ்கள், நூல்கள், அருங்காட்சியகப் பலகைகள் கிடைத்துவிடும். விழா மலர்களும் பழைய தமிழ்ப் பத்திரிகைகளும்தான் பிரச்சினை. எங்கே போவது?

பால்மரத்தடி எழுதியது:

பத்திரிகைக்குச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் தமிழ் முரசு இருக்கிறது, வீட்டிலிருந்தே தேடலாம். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. அதன் பழைய பிரதிகளை நூலகங்களில்தான் தேட வேண்டும், மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் தொடங்குங்கள். அரசாங்கக் கோப்புகளுக்குக் கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமில் (பழைய ஜாலான் டூத்தா) தேசிய ஆவணக் காப்பகம்.

விழா மலர்கள் எந்த நூலகத்திலும் ஒழுங்காக இருக்காது. கோயில் செயலாளர்களைப் பிடியுங்கள். அலுவலகத்தில் அலமாரிக்கு மேல் கட்டுக் கட்டாக வைத்திருப்பார்கள். “வரலாறு எழுதுகிறேன்” என்று சொன்னால் தலைவரைக் கேட்க வேண்டும் என்பார்கள். “எங்கள் குடும்பப் பெயர் நன்கொடையாளர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்” என்று சொல்லுங்கள், ஏணி போட்டு எடுத்துத் தருவார்கள்.

பினாங்குக்காரி எழுதியது:

ஹாஹா, உண்மை. என்னிடம் பினாங்கு மலர்கள் ஒரு பெட்டி இருக்கின்றன, தனிச்செய்தி அனுப்புங்கள். சூலியாக் கதையைச் சொல்லும் மலர்களை மட்டும் கேட்காதீர்கள், தோட்டக் கோயில் மலர்களையும் கேளுங்கள். அவற்றில் வணிகர், ராஜா எதுவும் இருக்காது. எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி முதலில் சூலம் நட்டார், எந்த ஆண்டில் எங்கே இடம் மாற்றினார்கள் என்று ஒன்றரைப் பக்கம் இருக்கும். அரசரத்தினத்தைத் தெரியாமல் எழுதியவை அவை. உங்கள் கூற்று எதுவரை போய்ச் சேரவில்லை என்பதற்கும் சான்று வேண்டுமே.